தந்திக்காரரின் சாட்சி

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்கவே லைசென்ஸ் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை தபால் ஆபீசில் வரிசையில் நின்று கட்டணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வருவோம். கேட்பதற்கே அனுமதி வாங்கிய தலைமுறை நாம். என் அக்கா பேசுவதற்கும் அனுமதி வாங்கினாள். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். பழைய காலம் பொற்காலம் என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது மிச்சமிருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

அமெச்சூர் ரேடியோ என்பார்கள். சம்பாத்தியத்துக்காக அல்லாமல், ஆசைக்காக, வீட்டில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு ரேடியோ அலையில் ஊர் பேர் தெரியாதவர்களோடு உரையாடுவது. அக்கா அப்போது பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். அங்கே ஒரு பேராசிரியை இதற்கென்று ஒரு குழு ஆரம்பித்தார். சேர்ந்த பெண்களில் பரீட்சைவரை போனவள் அக்கா ஒருத்திதான். மெட்ராசுக்கு அப்பாவே கூட்டிப் போனார். அவர் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். சர்டிபிகேட் எதுவானாலும் ஒன்று வாங்கி வைப்பது நல்லது என்பது அவர் கொள்கை.

பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. போலீஸ் விசாரணை உண்டு. பின்னாளில் நானே தொலைத்தொடர்புத் துறையில் அதிகாரியாக உட்கார்ந்து இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மேசை மேசையாகத் தள்ளியவள் என்பதால் சொல்கிறேன்: விசாரணை ரகசியமாக நடக்க வேண்டும் என்பது விதி. எங்கள் காளவாசல் வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிள் ரகசியத்தை ரேஷன் கடை வரிசையில் வைத்து விசாரித்தார். “இந்த மூணாவது வீட்டுப் பொண்ணு நடத்த எப்படி?” என்று சத்தமாகக் கேட்டார். அதுவரை அக்கா என்று ஒருத்தி இருப்பதையே கவனிக்காத தெரு, அன்று மாலைக்குள் அவள் நடத்தையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

சோழவந்தானிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். ஒரு கவுளி வெற்றிலையை அம்மா கையில் திணித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“டேய் தம்பி, போலீசு வந்து விசாரிச்ச பொண்ணுன்னு ஆயிருச்சு. இனி எவன்டா கட்டுவான்?”

“அது லைசென்சுக்குக்கா. கவர்மென்ட் விஷயம்.”

“திருடனப் பிடிக்கிறதும் கவர்மென்ட் விஷயந்தான்.”

அக்காவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. பெங்களூரில் ஒரு சங்கம் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பிய கிட் அவள் கைக்கு வந்திருந்தது. புளியங்கொட்டை அளவில் வண்ண வரி போட்ட ரெசிஸ்டர்கள், கடுகு டப்பா மூடியை நினைவூட்டும் கண்டென்சர்கள், தொப்பி வைத்த டிரான்சிஸ்டர், சைக்ளோஸ்டைல் செய்த படம் ஒன்று. அனுப்பும் கருவியின் மொத்த சக்தி ஒரு வாட். தெரிந்த மின்வாரியக்காரர் ஒருவரை அப்பா கேட்டார். “அண்ணே, சாமி படத்துக்குப் போடுற ஜீரோ வாட் பல்பே இதவிடக் கரண்டு கூட இழுக்கும்” என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் அவர் போட்ட நிபந்தனை புரியும்.

காயில் சுற்றும் கம்பி பைபாஸ் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்தது. தட்டும் சாவியை அக்காவே செய்தாள்: ரம்பத்தின் உடைந்த பிளேடு, அடியில் மரப்பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு பித்தளைத் திருகு. அழுத்தினால் கீழ்த் திருகில் ‘டக்’. விட்டால் மேல் திருகில் ‘டக்’. அம்மா கூடத்து மூலையில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த மூலைக்கென்று ஒரு வாசனை வந்தது. ஈயம் உருகும்போது எழும் பிசின் புகை, சாம்பிராணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடைப்பட்ட ஒன்று. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது அது மூக்கில் ஏறினால் நான் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்கு மோர்ஸ், அதாவது தட்டல்களால் எழுத்தைச் சொல்லும் தந்திப் பாஷை, பழகத் துணை வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் பொறுமையில்லை. அதனால் எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட நாங்கள் தட்டித்தான் பேசினோம். தட்டுவதெல்லாம் ஆங்கில எழுத்து, பேசுவது தமிழ்.

கிட் வேலை செய்யவில்லை. பூட்டி முடித்த அன்று ஆன்டெனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டார்ச் பல்பை மாட்டிச் சாவியை அழுத்தினாள். அனுப்பும் கருவி உயிரோடிருந்தால் பல்பு எரியும். எரியவில்லை. டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டாள். ஒவ்வொரு இணைப்பாக உருக்கி மறுபடி பற்றவைத்தாள். விரல் நுனியெல்லாம் சூட்டுக் கொப்புளம். இதற்கிடையில் பேரையூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அத்தையின் புருஷன் வழி உறவு, பஞ்சு அரைவை மில் வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னத்தா இது, கையெல்லாம் சூடு போட்டாப்புல இருக்கு?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்தினாள். “பணியாரம் சுட்டது மதினி. அம்புட்டு வேலை செய்யும் எங்க பிள்ள.”

வீட்டில் பொய் சொல்வதில் அன்று யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோளாறு கடைசியில் ஒரு நகக்கீறல் அளவில் அகப்பட்டது. காயில் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு உண்டு. நுனியைச் சுரண்டிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அக்கா எல்லா நுனியையும் சுரண்டியிருந்தாள், ஒன்றைத் தவிர. ஈயம் அழகாகப் பிடித்திருந்தது. உள்ளே மின்சாரம் போக வழியில்லை. பிளேடால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி வைத்தாள். சாவியை அழுத்தினாள். டார்ச் பல்பு மஞ்சளாக எரிந்தது. அக்கா அழுதாள். நான் குதித்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “இதுக்கா இத்தன மாசம்? சுவிச்சப் போட்டா என் வீட்டுப் பல்பும்தான் எரியிது” என்றார்.

அப்போதுதான் அக்கா கேட்டாள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இளகியவராகவும் தெரியக்கூடாது, கொடுமைக்காரராகவும் தெரியக்கூடாது என்பது அப்பாவின் சங்கடம். எழுத்தர் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது.

“உலகத்தோட பேசப் போறேன்னுதானே இம்புட்டும் செஞ்ச? ஐப்பசி முடியிறதுக்குள்ள வெளியூர்ல இருந்து ஒரே ஒரு ஆள் உனக்குப் பதில் சொல்லட்டும். நானே கொண்டுபோய்ச் சேத்து விடுறேன். இல்லையா, தையில பேரையூர். சம்மதமா?”

ஜீரோ வாட் பல்பு அவர் மனதில் எரிந்துகொண்டிருந்தது. அக்கா சம்மதித்தாள்.

மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டுக் கம்பி கட்டினோம். தினமும் காலையில் அக்கா சாவியைத் தட்டி, யாராவது இருக்கிறீர்களா என்று அழைப்பாள். நிறுத்திவிட்டுக் கேட்பாள். கேட்பதற்கு ஒரு ஜோடி ஹெட்போன், ராணுவத்தில் கழித்துப் போட்டது, கறுப்புக் குண்டு ஒவ்வொன்றும் தேங்காய்ச் சிரட்டை மாதிரி கனக்கும். அதை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொரு காதில் வைத்துக்கொள்வோம். உள்ளே மழை இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் ஊசி மாதிரி விசில் ஓசைகள். நீளமாக ஒரு விசில், குட்டையாக ஒரு விசில். அந்த நீளமும் குட்டையும்தான் எழுத்து. பல பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு மாமா மட்டும் பதில் சொன்னார். “ஏத்தா, சிலோன் ஸ்டேஷன்ல பாட்டுக்கு ஊடால மரங்கொத்தி கொத்துது. உன் வேலையா?”

ஐப்பசி பாதியை நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விசில் ஒன்று அக்காவுக்கு லைசென்சோடு கொடுத்திருந்த அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்னது. அக்கா என் தொடையை இறுகப் பிடித்தாள். பெங்களூர். கண் டாக்டராம். உங்கள் ஒலி மெலிதாக இருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது என்றார். ஒரு வாட் என்று அக்கா சொன்னதும், பிரமாதம், பிரமாதம் என்று இரண்டு தடவை தட்டினார். அடுத்த ஞாயிறும் இதே நேரம் வருகிறேன் என்று முடித்தார்.

அக்கா எழுதியிருந்த தாளை அப்பா வாங்கிப் பார்த்தார்.

“இத எழுதுனது யாரு?”

“நான்தாம்ப்பா. அவர் அனுப்ப அனுப்ப எழுதுனேன்.”

“நீ எழுதுனத நீயே சாட்சியாக் காட்டுனா எப்படி? தாலுகா ஆபீசுல செல்லுமா இது?”

“நானும் கேட்டேம்ப்பா” என்றேன்.

“நீ அவ வாலு.”

“அவர் தபால்ல ஒரு கார்டு அனுப்புவாருப்பா. இதுல அது வழக்கம்” என்றாள் அக்கா.

அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். “முன்னப்பின்ன தெரியாத ஆம்பள வயசுப்பிள்ளைக்குக் கடுதாசி போடுவானாம்ல. போலீசு வந்தது பத்தாதா?”

அப்பா நியாயஸ்தர். அப்படித்தான் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு நிபுணரை வரவழைக்க முடிவு செய்தார். பின்தெருவில் ரயில்வேயில் தந்தி வேலை பார்த்து ரிட்டயரான ஒருவர் இருந்தார். தெருவுக்கே தந்திக்காரர். மோர்சில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் உட்கார்ந்து கேட்கட்டும். ஆள் இருக்கிறார் என்று அவர் சொன்னால் கோயம்புத்தூர். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினாள். நான் குதித்த குதியில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சலவைச் சட்டையில் வந்தார். அம்மா பொங்கல் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொன்னார். அவர் காலத்துத் தந்தியில் விசில் கிடையாது. சவுண்டர் என்று ஒரு கருவி. அதன் இரும்பு நாக்கு கீழே விழுந்து ஒரு ‘டக்’, மேலே எழுந்து ஒரு ‘டக்’.

“காலி சிகரெட் டப்பாவ அதுக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டம்னா, பிளாட்பாரக் கடேசி வரைக்கும் கேக்கும் தம்பி. நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சேதி எடுப்பேன். ஒரு எழுத்து விட்டதில்ல.”

“எங்களுக்கு அம்புட்டுத்தான் வேணும்ண்ணே” என்றார் அப்பா.

ஒரு குண்டை அவர் காதில் வைத்துக்கொண்டார், மற்றதை அக்கா. எனக்கு இல்லை. அக்கா சாவியைத் தட்டினாள். தந்திக்காரர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார். அக்கா நிறுத்தினாள். சிறிது நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தே டாக்டர் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பென்சில் தாளில் ஓடியது. அவள் மறுபடி தட்டினாள். அவர் மறுபடி தலையாட்டினார். அவள் எழுதும்போதெல்லாம் அவர் தலை அசையாமல் இருந்தது. அந்த வித்தியாசத்தை அன்று நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தது என்னவென்று தெரியவில்லை.

முடிந்ததும் அக்கா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். “சரியா இருக்கா பெரியப்பா?”

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. குண்டைக் கீழே வைத்து, அப்பாவைத் தனியாகக் கூப்பிடலாமா என்று யோசிப்பவர் போல் இருந்துவிட்டு, எல்லார் முன்னாலுமே சொன்னார்.

“தம்பி, பாப்பாவுக்குக் கை நல்ல கை. அது தட்டுனது பூராம் எனக்கு விழுந்துச்சு. அங்கிட்டு ஆள் யாரும் இல்ல.”

“பெரியப்பா, அந்த விசில்...”

“விசிலு அடிக்குது. குருவி கத்துது. மழை பேயுது. அதெல்லாம் தந்தியாகுமாத்தா? உன் தட்டல் ஒரு எழுத்து விடாம விழுகுது, பதில் மட்டும் எனக்கு விழுகாமப் போகுமா? தானே கேட்டுக்கிருது, தானே பதிலையும் எழுதிக்கிருது தம்பி. வயசு அப்படி. நல்லபடியாக் கட்டிக் குடுத்திரு.”

அப்பா தோற்றவர்களை மன்னிக்கக்கூடியவர். பொய் சொன்னவர்களை மன்னிப்பதில்லை, பணியாரம் நீங்கலாக.

“டாக்டராம்ல, டாக்டரு” என்றாள் அத்தை. “கண் டாக்டருன்னு வேற, என்னா நேக்கு!”

எனக்கு ஒன்றுதான் புரிந்தது. இந்த ஆள் டூப்பு. தலையாட்டினாரே தவிர, ஒரு எழுத்தையாவது வாய்விட்டுச் சொன்னாரா? மேசைக்கு ஓடினேன். சாவியிலிருந்து இரண்டு ஒயரையும் பிடுங்கி எறிந்தேன்.

“இவருக்கு மோர்சே தெரியாதுப்பா! சும்மா சொல்றாரு! இப்பப் பாருங்க!”

வெறும் சாவியை மூன்று எழுத்துக்குத் தட்டினேன். அந்த வீட்டில் அப்போது நிலவிய நிலைமைக்குப் பொருத்தமான சொல்.

தந்திக்காரர் காபித் தம்ளரைக் கீழே வைக்காமலே படித்தார். “பி. ஓ. ஐ.” பிறகு குலுங்கிச் சிரித்தார். “பொய்! என்னையப் பொய்யிங்கிறா தம்பி உன் சின்ன மக!”

அப்பாவின் கண் அகன்றது. ஒரு சின்னப் பிள்ளை, கம்பி கூட இல்லாமல் கண்டபடி தட்டியதை, காபி குடித்துக்கொண்டே படித்துவிட்ட மனிதர்! இவர் காதுக்குத் தப்பி ஒரு பதில் வந்திருக்க முடியுமா? நான் ஓர் ஏமாற்றுக்காரரை அம்பலப்படுத்தப் போய், ஒரு நிபுணருக்குப் பரீட்சை வைத்து நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

அக்காவுக்குத்தான் சட்டென்று விளங்கியது. எழுந்து நின்றாள்.

“அப்பா, ஒயரே இல்லப்பா! கரண்டே இல்லாமப் படிச்சாரு. அவர் சாவி விழுகிற தட்டலத்தான் படிக்கிறாரு. என் சாவி மேசையில தட்டுது, அது கேக்குது. டாக்டரோட சாவி இங்கயா இருக்கு? அங்க இருந்து விசில்தான் வரும். அவர் காதுக்கு விசில் பழக்கமில்ல, அம்புட்டுத்தான்!”

“மோர்சுல ஒசந்த மோர்சு, தாழ்ந்த மோர்சுன்னு உண்டாத்தா?” என்றார் தந்திக்காரர். கோபம் கூட இல்லை அவரிடம். இரக்கம்தான் இருந்தது.

“இன்னும் என்னென்ன சொல்லுவ?” என்று அக்காவைக் கேட்டுவிட்டு, அப்பா என்னை அறைந்தார். பெரியவரைப் பொய்யர் என்றதற்கு. அன்று அந்தக் கூடத்தில் நடந்ததிலேயே விதிமுறைப்படி நடந்தது அது ஒன்றுதான்.

துறையில் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோது இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்று கண்டேன். சவுண்டரில் பழகிய காது ஓசையைப் படிப்பதில்லை. இரண்டு தட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் படிக்கிறது. பழைய சவுண்டர் ஆட்களை விசிலுக்கு மாற்ற மாதக்கணக்கில் பழக்குவார்களாம், அதிலும் சிலருக்குக் கடைசிவரை வராதாம். இரைச்சலோடு வரும் மெலிந்த விசில் என்றால் கேட்கவே வேண்டாம். தந்திக்காரர் பொய் சொல்லவில்லை. தனக்குக் கேட்காததை இல்லை என்று சொன்னார். நான் பணிபுரிந்த அலுவலகங்களில் அதற்குப் பெயர் நேர்மையான அறிக்கை. இதை அப்பாவிடம் விளக்கவும் விளக்கினேன். பேரையூரில் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த சமயம். “அப்படியா, காதுலயும் ரெண்டு வகை இருக்கா” என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

ஆனால் அந்த ஐப்பசியில் இன்னும் ஒரு ஞாயிறு மிச்சமிருந்தது. சொன்ன சொல் மாறக்கூடாது என்பது அப்பாவின் இன்னொரு கொள்கை. அன்று காலை அவரே வந்து மேசை ஓரம் உட்கார்ந்தார்.

“கெடு இன்னும் முடியல. நானே பக்கத்துல இருக்கேன். கேளு.”

ஹெட்போனை இரண்டாகக் கழற்றி ஒன்றை அக்கா வைத்துக்கொண்டாள், ஒன்றை எனக்குக் கொடுத்தாள். டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இரைச்சல் அன்று குறைவு; பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. அக்காவின் குறியை அழைத்தார். நிறுத்தினார். மறுபடி அழைத்தார். இன்றும் உங்கள் தந்தையார் பக்கத்தில் இருக்கிறாரா, வணக்கம் சொல்லுங்கள் என்றார். அக்கா சாவியில் கை வைக்கவில்லை.

“என்னத்தா, ஆள் இருக்கா?” அப்பாவின் குரல் அத்தனை மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. “உண்மையச் சொல்லு. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அக்கா அவரை நேராகப் பார்த்தாள்.

“யாரும் இல்லப்பா. வெறும் இரைச்சல்தான்.”

என் காதிலிருந்த குண்டை அவளே எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அப்பாவின் முகம் தெளிந்தது. கையை நீட்டி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, உன் தங்கச்சி அடி வாங்கியிருக்க வேண்டாம்ல?” என்றார்.